கொலம்பியாவின் மதிப்பு எதில் இருக்கிறது?

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் இரண்டாவது சிறந்த பல்கலைக்கழகம் என்று அறிவிக்கப்பட்டது. ‘யூ.எஸ். நியூஸ்’ வெளியிட்ட அந்தப் பட்டியலில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் கொலம்பியாவுடன் அதே இடத்தைப் பகிர்ந்துகொண்டன. மேலே இருந்தது பிரின்ஸ்டன் மட்டும். ஓராண்டு கழித்து, அதே பட்டியல் அதே கொலம்பியாவை 18-ஆம் இடத்தில் வைத்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே எந்தத் துறைக்கும் பூட்டுப் போடவில்லை. பேராசிரியர்கள் கூட்டம் கூட்டமாக விலகவில்லை. நூலகமும் பாடத்திட்டமும் அப்படியே இருந்தன. நூறு பேர் விண்ணப்பித்தால் நான்கு பேருக்குக்கூட இடம் கிடைக்காத நிலையும் அப்படியே இருந்தது. தான் கொடுத்த சில எண்கள் தவறானவை என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. பதினாறு இடங்கள் பறிபோயின.

அன்று முதல் கொலம்பியாவைப் பற்றி எதிரெதிரான இரண்டு கருத்துகள் உலவுகின்றன. ஊதிப் பெருக்கிய பெயர் ஒருநாள் உடைந்துதான் போகும், அதுதான் நடந்தது என்பது ஒரு தரப்பு. 1754-இல் தொடங்கிய ஒரு கல்விநிலையத்தின் புகழை ஓர் இதழின் பட்டியலா தீர்மானிக்கும், கணக்கு எழுதியவர்கள் செய்த பிழைக்குப் பல்கலைக்கழகத்தையே பழிப்பதா என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால், இரண்டு தரப்பும் அந்தப் பட்டியலைச் சுற்றியேதான் பேசுகின்றன. இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி வேறு: தவறைக் கண்டுபிடித்தவர் வெளியாள் கிடையாது, கொலம்பியாவிலேயே கணிதம் கற்பிக்கும் பேராசிரியர். ஒரு பல்கலைக்கழகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை, அதன் உள்ளே இருக்கும் ஒருவர் சோதித்துப் பார்த்து, பொய்யென்றால் பொய்யென்று ஊரறியச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அச்சமின்றி வகுப்பெடுக்கப் போக முடிகிறதா? உயர்கல்வி நிறுவனத்தின் மதிப்பை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே அளக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்தப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ். 1988-இல் 18-ஆம் இடத்தில் இருந்த தன் பல்கலைக்கழகம் எப்படி இரண்டாம் இடத்துக்கு ஏறியது என்று அவருக்குக் கேள்வி எழுந்தது. இரகசிய ஆவணம் எதையும் அவர் தேடிப்போகவில்லை. யாரும் திறந்து பார்க்கக்கூடிய, பல்கலைக்கழகமே வெளியிட்டிருந்த பாட அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினார். இளங்கலை வகுப்புகளில் 82.5 சதவீதம் இருபது பேருக்கும் குறைவானவை என்று கொலம்பியா அறிவித்திருந்தது. தாடியஸின் எண்ணிக்கையில் அது 62.7 முதல் 66.9 சதவீதத்துக்குள்தான் வந்தது. ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவர் என்று சொல்லப்பட்ட விகிதம், அவர் கணக்கில் பதினொன்றுக்கு அருகில் இருந்தது. கற்பித்தலுக்காக ஆண்டுக்கு 310 கோடி டாலர் செலவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றும் சேர்ந்து காட்டிய தொகையைவிட அது அதிகம். பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்க ஆகும் செலவும் அதில் கலந்திருப்பதாக அவர் காட்டினார். 2022 பிப்ரவரியில் இவை அனைத்தையும் தன் இணையப் பக்கத்தில் தன் பெயரிலேயே வெளியிட்டார்.

இவற்றில் ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். முழுநேர ஆசிரியர்கள் அத்தனை பேரும் தங்கள் துறையின் உச்சப் பட்டம் பெற்றவர்கள், அதாவது நூற்றுக்கு நூறு, என்று கொலம்பியா எழுதிக்கொடுத்திருந்தது. பல்கலைக்கழகத்தின் சொந்தப் பட்டியலிலுள்ள 958 ஆசிரியர்களின் கல்வித் தகுதியைத் தாடியஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். 66 பேருக்கு அத்தகைய பட்டம் இல்லை. அப்படி இல்லாதவர்களில் ஒருவர் ஓரான் பாமுக். 2006-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற துருக்கிய நாவலாசிரியர், முனைவர் பட்டம் பெறாதவர். நோபல் பெற்ற ஒருவரிடம் நாவலைப் பற்றிக் கற்கும் வாய்ப்பு எந்த மாணவருக்கும் பெரும் பேறு. ஆனால் பட்டியலின் சூத்திரத்துக்கு அவர் ஒரு குறை. நூறு என்ற எண்ணிலிருந்து கழிக்கப்பட வேண்டியவர். உண்மையைச் சொல்லியிருந்தால் கொலம்பியாவுக்கு இதில் எந்தத் தலைகுனிவும் இல்லை. எங்களிடம் பட்டம் இல்லாத மேதைகள் இருக்கிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கலாம். சூத்திரத்துக்காக அந்த உண்மையை மறைத்ததுதான் தலைகுனிவு.

முதலில் பல்கலைக்கழகம் தன் எண்களில் உறுதியாக நின்றது. பிறகு, ஜூன் இறுதியில், மறுஆய்வு நடப்பதால் இந்த ஆண்டு விவரங்கள் தரப்போவதில்லை என்றது. செப்டம்பர் 9 அன்று தவறை ஒப்புக்கொண்டது. இருபது பேருக்குக் குறைவான வகுப்புகள் 57.1 சதவீதம்தான் என்று நிர்வாகமே அறிவித்தது. குற்றம்சாட்டியவர் சொன்ன மிகக் குறைந்த மதிப்பீட்டைக் காட்டிலும் இது குறைவு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நூற்றுக்கு நூறாக இருந்த ஆசிரியர் தகுதி 95.3 ஆனது. மற்ற பல பல்கலைக்கழகங்கள் வழக்கமாக வெளியிடும் பொதுத் தரவுத் தொகுப்பைக் கொலம்பியா அப்போதுதான் வெளியிடத் தொடங்கியது. 2023 ஜூனில், இளங்கலைத் தரவரிசைக்கு இனி விவரம் தரமாட்டோம் என்று அறிவித்தது. 2016 முதல் 2022 வரை படித்த இளங்கலை மாணவர்கள் சார்பில் தொடரப்பட்ட வழக்கை 2025-இல் 90 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் செலவாகும் படிப்பை எந்த எண்களை நம்பித் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்க அந்த மாணவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

எல்லோரும்தான் செய்கிறார்கள், கொலம்பியாவை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பலர் செய்தார்கள் என்பது உண்மைதான். 2012-இல் கிளேர்மான்ட் மெக்கென்னா கல்லூரியும் எமரி பல்கலைக்கழகமும் மாணவர் சேர்க்கை குறித்துத் தாங்கள் கொடுத்த விவரங்கள் தவறானவை என்று ஒப்புக்கொண்டன. டெம்பிள் பல்கலைக்கழக வணிகப் பள்ளியின் முன்னாள் டீன், தரவரிசைக்காகப் பொய் விவரம் கொடுத்த வழக்கில் 2022-இல் 14 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சட்டத்துக்கு உட்பட்ட வழிகளும் இருக்கின்றன. இருபதுக்குக் குறைந்த வகுப்புக்கு மதிப்பெண் உண்டு என்றால், பத்தொன்பதாவது மாணவரோடு சேர்க்கையை நிறுத்திவிட்டால் போதும். இருபதாவதாக அந்தப் பாடத்தை ஆசையோடு கேட்டு வந்த பிள்ளை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். கல்வி ஓர் இம்மியும் முன்னேறாது, எண் முன்னேறும். ஆனால் இந்தப் பட்டியல் நீள நீள என் வாதம்தான் வலுப்பெறுகிறது. ஊரே ஏமாற்றும்போது, உள்ளிருந்து ஒருவர் எழுந்து கேட்க முடிகிற இடம் எது என்பதே அந்த ஊரில் தேட வேண்டிய தகவல்.

தரவரிசை உண்மையில் எதை அளக்கிறது என்று பார்த்தால், புகழ் எப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்பது விளங்கும். 1983-இல் யூ.எஸ். நியூஸ் முதன்முதலில் பட்டியல் போட்டபோது, கல்லூரித் தலைவர்களிடம் எது சிறந்த கல்லூரி என்று கேட்டு எழுதியதோடு சரி. இன்றும் மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு, மற்ற பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் நிர்வாகிகளும் கொடுக்கும் அபிப்பிராயத்துக்குப் போகிறது. நூற்றுக்கணக்கான நிறுவனங்களை மதிப்பிடச் சொன்னால், அவர்கள் நேரில் பார்த்தவை எத்தனை இருக்கும்? பெயர் கேள்விப்பட்டதை வைத்து மதிப்பெண் இடுகிறார்கள். அந்த மதிப்பெண் பெயரை இன்னும் பெரிதாக்குகிறது. சூத்திரமும் நிலையாக இல்லை. எத்தனை பேரை நிராகரிக்கிறார்கள் என்ற அளவுகோலை 2018-இல் நீக்கினார்கள். கொலம்பியாவைக் கவிழ்த்த வகுப்பின் அளவு, ஆசிரியரின் உச்சப் பட்டம் ஆகிய இரண்டையும் 2023-இல் நீக்கினார்கள். ஒரு கல்விநிலையம் நல்லதா என்பதற்கான அடிப்படையே இப்படி அடிக்கடி மாறுமானால், அந்த எண்ணின்மீது குடும்பங்கள் தங்கள் வாழ்நாள் சேமிப்பை வைப்பது பெரிய ஆபத்து.

சரி, பட்டியல் போகட்டும். நூற்றில் ஒரு சிலர் மட்டுமே சேரக்கூடிய இடம் என்பதே தரத்துக்குச் சான்றில்லையா என்பது அடுத்த கேள்வி. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. திறமையான மாணவர்கள் ஒன்றுகூடும் வகுப்பறையில் விவாதம் கூர்மையாக இருக்கும். நல்ல ஆசிரியர்களையும் அது ஈர்க்கும். ஆனால் வாசலில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பது விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. உள்ளே என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை அது சொல்வதில்லை. தேர்வாகும் விதத்திலும் கறை இருக்கிறது. டெல்லியில் பிறந்த ஹார்வர்டு பொருளியலாளர் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மேன் மூவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, கொலம்பியா உள்ளிட்ட 12 தனியார் பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டது. ஒரே அளவு நுழைவுத்தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தாலும், மிகப் பணக்காரர்களான ஒரு சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள், நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வாய்ப்போடு அங்கே சேர்கிறார்கள் என்று அது கண்டது. முன்னாள் மாணவரின் பிள்ளைக்குத் தரும் முன்னுரிமையும் விளையாட்டு வீரர்களுக்கான இடங்களும் அதற்கான காரணங்களில் சேரும். கடும் போட்டி என்று நாம் வியப்பதில் ஒரு பகுதி பரம்பரைச் சலுகை.

படித்து முடித்தவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் புகழ் பொய்யா மெய்யா என்று தெரிந்துவிடுமே என்பாரும் உண்டு. இதில் கிடைக்கும் விடை யாருக்கும் முழுச் சாதகமானது இல்லை. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய பெயர் கொண்ட கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறிடம் போன மாணவர்களை ஒப்பிட்டார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தில் வேறுபாடு தென்படவில்லை. எளிய குடும்பப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய கல்லூரி உதவியது. செட்டி குழுவின் ஆய்விலும் சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் உச்சத்திலுள்ள ஒரு சதவீத வருமானக்காரராகும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது, பேர்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது. ஆக, அந்தப் பெயருக்குச் சந்தையில் மெய்யான விலை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அந்த விலை அதிகாரத்தின் அறைகளுக்குள் நுழைய உதவும் அறிமுகச் சீட்டின் விலை. அதைக் கொண்டு அங்கே நடக்கும் கல்வியை எடைபோட முடியாது. எளிய குடும்பப் பிள்ளைக்கு அந்தச் சீட்டு தேவைதான். அதனால்தான் அதன் பின்னால் இருக்கும் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொலம்பியாவின் மெய்யான புகழ் எங்கிருந்து வந்தது என்பதை அறிய நமக்கு நன்கு தெரிந்த ஒரு மாணவரே இருக்கிறார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் அங்கே போய்ச் சேர்ந்தவர் அம்பேத்கர். அப்போது எந்தப் பட்டியலும் இல்லை. 1916 மே மாதம், மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகளின் தோற்றம் குறித்து அவர் கட்டுரை வாசித்தார். சொந்த நாட்டில் சக மாணவர்களோடு சமமாக உட்கார முடியாதிருந்த ஓர் இளைஞர், ஒரு கருத்தரங்க அறையில் தன் சமூகத்தின் அடித்தளத்தையே கேள்வி கேட்டார். அறிஞர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அவருடைய ஆசிரியர்களில் ஒருவரான ஜான் டூயி, பேராசிரியர்களின் சுதந்திரத்துக்காக 1915-இல் உருவான அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கத்தின் முதல் தலைவர். ஆயினும் அந்தக் கொலம்பியாவும் இந்தச் சோதனையில் விரைவிலேயே தோற்றது. 1917-இல், முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், மாற்றுக் கருத்து சொன்ன ஜேம்ஸ் கட்டெல், ஹென்றி டேனா என்ற இரு ஆசிரியர்களைத் தலைவர் நிக்கோலஸ் மரே பட்லரின் நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. போரை ஆதரித்தவராக இருந்தும், வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட் அதைக் கண்டித்துப் பதவி விலகினார். அம்பேத்கரின் இன்னொரு ஆசிரியரான ஜேம்ஸ் ஹார்வி ராபின்சனும் பிறகு வெளியேறினார். இவர்கள் சேர்ந்து 1919-இல் நியூயார்க்கிலேயே ‘நியூ ஸ்கூல்’ என்ற புதிய கல்விநிலையத்தைத் தொடங்கினார்கள். கருத்துச் சொன்னதற்காக வேலை போகக் கூடாது என்ற நிரந்தரப் பணி உரிமை, இத்தகைய அநியாயங்களுக்கு எதிரான நெடிய போராட்டத்தில் வலுப்பெற்றது. 2022-இல் தாடியஸைக் காத்து நின்றது அந்த உரிமைதான்.

அந்தப் பாதுகாப்பு எவ்வளவு குறுகலானது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாடியஸ் நிரந்தரப் பேராசிரியர். ஒப்பந்த ஆசிரியரோ ஆய்வு மாணவரோ இதே கணக்கை வெளியிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அண்மைய ஆண்டுகள் இந்த ஐயத்தைக் கூட்டவே செய்கின்றன. 2024 ஏப்ரலில் காஸா போருக்கு எதிராக வளாகத்தில் கூடாரமிட்ட மாணவர்களை அகற்றக் காவல்துறை அழைக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். ஆகஸ்டில் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு 40 கோடி டாலர் நிதியை நிறுத்தியது. ஜூலையில் 20 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டு கொலம்பியா உடன்பாடு செய்தது. யூத மாணவர்கள் வளாகத்தில் வெறுப்பைச் சந்தித்தார்கள் என்பதும் உண்மை. அதைத் தடுப்பது நிர்வாகத்தின் கடமை. ஆனால் பணத்தை நிறுத்தி ஒரு பல்கலைக்கழகத்தை வழிக்குக் கொண்டுவரலாம் என்று அரசுக்குக் காட்டிக்கொடுத்தது, 1917-க்குப் பிறகு கொலம்பியாவுக்கு நேர்ந்த பெரும் சரிவு என்பது என் கருத்து. வளாகத்தின் கொந்தளிப்பு பட்டியலில் எப்படித் தெரிந்தது? 2023-இல் 12-ஆம் இடம். கைதுகளும் பதவி விலகலும் நடந்த 2024-இல் 13-ஆம் இடம். வகுப்பு எண்ணிக்கைப் பிழைக்குப் பதினாறு இடம் இறக்கிய அளவுகோலுக்கு, பல்கலைக்கழகத்தின் உயிர்நாடி சம்பந்தப்பட்ட கேள்வி கண்ணில் படவே இல்லை.

இந்தியாவில் இதே கேள்வியை எழுப்பிய தனியார் பல்கலைக்கழகம், ஹரியானாவின் சோனிபட்டில் 2014-இல் தொடங்கிய அசோகா. நல்ல ஆசிரியர்கள், கடும் தேர்வு, கணிசமான உதவித்தொகை என்று மிக விரைவில் பெயர் வாங்கியது. அரசியல் விமர்சகர் பிரதாப் பானு மேத்தா 2021 மார்ச்சில் அங்கிருந்து விலகினார்; தன் இருப்பு நிறுவனத்துக்கு அரசியல் சுமையாகிவிட்டது என்று கடிதத்தில் குறிப்பிட்டார். அவருக்கு ஆதரவாகப் பொருளாதார அறிஞர் அரவிந்த் சுப்பிரமணியனும் விலகினார். 2023-இல், 2019 மக்களவைத் தேர்தல் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்த அங்குள்ள ஆசிரியர் சப்யசாச்சி தாஸின் கட்டுரை சர்ச்சையானபோது, பல்கலைக்கழகம் அதிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டது. அவரும் பதவி விலகினார். கண்டித்து இன்னொரு பேராசிரியரும் வெளியேறினார். அசோகாவைப் பற்றி இன்று எதிரெதிராகப் பேசுபவர்கள் கட்டணம், மேல்தட்டு மாணவர்கள், ஆங்கிலம் என்று பல காரணம் சொல்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் காலப்போக்கில் பதில் தேடிக்கொள்ளலாம். கட்டுரை சரியா தவறா என்பதை ஆய்வாளர்கள் வாதிட்டு முடிவு செய்யும்வரை தன் ஆசிரியரோடு நிற்க முடியாமல் போனதற்குத்தான் பதில் சொல்வது கடினம்.

நம் நாட்டின் தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்., 2016 முதல் வெளியாகிறது. ஆசிரியர்–மாணவர் விகிதம், முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்களின் பங்கு, செலவு என்று கொலம்பியாவில் பொய்த்த அதே எண்கள் இதிலும் உண்டு. அவற்றைக் கல்வி நிறுவனங்களே எழுதிக் கொடுக்கின்றன. பத்து சதவீதம் பிறர் கொண்டுள்ள அபிப்பிராயத்துக்கு. சரிபார்ப்பு போதாது என்று தொடரப்பட்ட பொதுநல வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 மார்ச்சில் பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. பட்டியல் பிறகு செப்டம்பரில் வெளியானது. தமிழ்நாட்டில் இந்த எண்ணுக்கு உள்ள மவுசு சொல்லி முடியாது. பேருந்தின் முதுகில், நெடுஞ்சாலைப் பலகையில், பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் வாரத்தின் முழுப்பக்க விளம்பரங்களில் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

ஆசிரியர் எண்ணிக்கை நம்மிடம் எப்படி உருவாகிறது என்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் காட்டியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இருந்த ஆசிரியர் விவரங்களை ஒப்பிட்டு, ஒரே நபர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருப்பதை அது வெளியிட்டது. 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. பல்கலைக்கழகமும் விசாரணை தொடங்கியது. பொதுவெளியில் இருந்த பட்டியலை உட்கார்ந்து எண்ணினால் பொய் வெளிப்படும் என்பதற்கு, தாடியஸ் செய்ததற்கு இணையான சான்று இது. ஒரு வேறுபாடு மனதை உறுத்துகிறது. நியூயார்க்கில் உள்ளிருந்தவர் பேசினார். இங்கே வெளியிலிருந்து ஓர் இயக்கம் வர வேண்டியிருந்தது. தம் துறையில் யார் வருகிறார், யார் பெயரளவில் இருக்கிறார் என்று ஒவ்வொரு கல்லூரியிலும் சக ஆசிரியர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தற்காலிகப் பணியில், நிர்வாகம் நினைத்தால் நாளைக்கே வேலை போகும் என்ற நிலையில் இருப்பவரிடம் வாய் திறக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவருக்கு அந்தப் பாதுகாப்பைத் தராத அமைப்பைத்தான் கேட்க வேண்டும்.

பெற்றோருக்கு ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டாமா, எண்ணும் வேண்டாம் என்றால் எதை வைத்து முடிவெடுப்பது என்று கேட்பது நியாயம். எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கக்கூடிய எண்ணாக அது இருக்க வேண்டும். அதற்குக் கல்வி அமைச்சகமும் மாநில அரசும் செய்ய வேண்டியவை மிகச் சில. ஒவ்வொரு கல்லூரியும் ஆசிரியர்களின் பெயர், தகுதி, பணியில் சேர்ந்த நாள், அவர் எடுக்கும் பாடம், அந்த வகுப்பின் மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பருவந்தோறும் இணையத்தில் வெளியிட வேண்டும். தவறான விவரத்தைச் சுட்டிக்காட்டும் ஆசிரியரை, அவர் தற்காலிகப் பணியாளராக இருந்தாலும், நீக்க முடியாது என்று விதி செய்ய வேண்டும். பொய் விவரம் கொடுத்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகள் விலக்க வேண்டும்.

அந்த விதிகள் வரும்வரை, இந்த ஆண்டு பிள்ளையின் சேர்க்கைக்காக அலையும் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் உள்ள எண்ணைப் பார்த்து நகையை அடகு வைக்காதீர்கள், கல்விக் கடனில் கையெழுத்துப் போடாதீர்கள். கல்லூரிக்கு நேரில் போய், பிள்ளை சேரவிருக்கும் துறையில் இந்தப் பருவத்தில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களின் பட்டியலைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.